48 அட்டைகளும் ஒரு வெள்ளை வேட்டியும்

போன புதன்கிழமை, "அரை மணி நேரம் ஆகிவிட்டது, கிளம்பலாம்" என்று கிராம சுகாதாரச் செவிலியர் சொன்ன பிறகும் திண்ணையிலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை. தடுப்பூசிக்கு வந்து காத்திருக்கும் தாய்மாரைப் பேசவைக்க நான் செய்த அட்டைகள் வேலை செய்கின்றன என்பதற்கு எனக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. இந்த வடிவத்துக்கு வந்து சேர்வதற்குள் சிலவற்றைச் செய்து பார்த்துக் கைவிட வேண்டியிருந்தது. அளவு, செலவு, நிறம், எழுத்துரு எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன். வேறு ஊரில் யாராவது செய்ய நினைத்தால், நான் சுற்றிய வழியை அவர்களும் சுற்ற வேண்டியதில்லை.

கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை, பலகாரப் பெட்டி இவற்றை வடிவமைப்பது என் தொழில். இருப்பது காரைக்குடியில். பக்கத்து ஊர் ஒன்றில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி போட்ட பிறகு குழந்தையை அரை மணி நேரம் அங்கேயே வைத்திருந்து கவனிக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஆச்சி தன் வீட்டுத் திண்ணையைத் தாய்மார் உட்கார விட்டுக்கொடுத்திருக்கிறார். நல்ல நீளமான திண்ணை, நிழலும் உண்டு. ஆனால் அங்கே பேச்சே இருக்காது. குழந்தை அழும், சமாதானப்படுத்துவார்கள், மீண்டும் செல்பேசி.

இதற்கு நம் பக்கத்துக் காரணம் ஒன்று உண்டு. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவாள். கல்யாணமாகிப் போனவள் திரும்பி வந்து பார்த்தால், கூடப் படித்த தோழிகள் யாரும் ஊரில் இருக்கமாட்டார்கள். அதே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள் வேறு ஊரிலிருந்து இங்கே மருமகளாக வந்தவர்கள். சிலருடைய கணவர்கள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ வேலையில் இருக்கிறார்கள். ஒருவரையொருவர் தெரியாது. ஆனால் அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களில் அதே முகங்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கும். 14-ஆம் வார ஊசிக்குப் பிறகு 9-ஆம் மாதம் வரை இடைவெளி. அதற்குள் தாய் வீட்டுக்கு வந்த பெண் புகுந்த வீட்டுக்குப் போயிருப்பாள். ஆக, ஒருவரோடு ஒருவர் பழகக் கிடைப்பது மூன்று அரை மணி நேரம். அந்த நேரத்தில் என்ன வைத்தால் பேசுவார்கள் என்பதுதான் என் முன்னால் இருந்த வேலை.

முதலில் செய்தது சுவரொட்டி. ஏ2 அளவு, 420க்கு 594 மில்லிமீட்டர், வினைல் அச்சு, பின்னால் சன்போர்டு என்ற கெட்டி நுரைப்பலகை, 350 ரூபாய். ஒரு தாய், மடியில் குழந்தை, சுற்றிலும் மற்ற தாய்மார், மேலே "பேசுவோம், பகிர்வோம்" என்ற வரி. நிறங்கள் எனக்கே பிடித்திருந்தன. திண்ணைத் தூணில் மாட்டினோம். எல்லோரும் பார்த்தார்கள், படித்தார்கள், "அழகாக இருக்கிறது அக்கா" என்றார்கள். அத்தோடு சரி. சுவரொட்டியில் எல்லாவற்றையும் நானே சொல்லி முடித்துவிட்டிருந்தேன். பார்ப்பவர் சேர்க்க வேண்டியது எதுவும் அதில் இல்லை.

இன்னொன்றும் அப்போது உறுத்தத் தொடங்கியது. தாய்மாருக்கென்று வரும் படங்களில் தாய் எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கிறாள், சிவப்பாக இருக்கிறாள், புடவை கசங்குவதே இல்லை. கீழே இருக்கும் வாக்கியங்கள் எல்லாம் "கொடுங்கள்", "செய்யுங்கள்", "தவிருங்கள்" என்று முடிகின்றன. நான் வரைந்த தாயும் அப்படித்தான் இருந்தாள். இரவெல்லாம் விழித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெண் அந்தப் படத்துக்கு எதிரே என்ன பேசுவாள்? அன்றே முடிவு செய்தேன்: இனி முகம் வரைவதில்லை. பொருள்களை மட்டும் வரைவேன்.

அடுத்தது கேள்வி அட்டைகள். வழக்கமான சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவு, 63க்கு 88 மில்லிமீட்டர். ஏ4 தாளில் 9 அட்டைகள் சரியாக உட்காரும். 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) கனமுள்ள அட்டையில் ஜெராக்ஸ் கடையிலேயே அச்சடித்து, இரும்பு அளவுகோல் வைத்துக் கத்தியால் வெட்டினேன். திண்ணையில் எடுத்து வைத்ததும் வீட்டுக்கார ஆச்சி உள்ளேயிருந்து வந்து, "என்ன ஆத்தா, வாசலில் உட்கார்ந்து சீட்டா ஆடுகிறீர்கள்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த அளவும் அந்த வளைந்த மூலையும் யார் கையில் இருந்தாலும் சீட்டுக்கட்டுதான். தெருவில் போகிறவர் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். மாமியாரோடு வந்திருக்கும் பெண் அதைக் கையில் எடுக்கவே மாட்டாள்.

கேள்விகளும் எடுபடவில்லை. "தாயான பிறகு உங்களிடம் என்ன மாறியது?", "உங்களுக்கு யார் ஆறுதல்?" என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் மாமியார், அந்தப் பக்கம் நாத்தனார். ஆறுதல் யார் என்று ஒரு பெண் எப்படி வாய் திறந்து சொல்வாள்? எல்லோரும் அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்துக் கீழே வைத்தார்கள்.

அந்த அட்டைகளில் ஒன்று மட்டும் பேச்சைக் கிளப்பியது. இடம் நிரப்புவதற்காக மூலையில் ஒரு தூளி வரைந்திருந்தேன். கேள்வியை விட்டுவிட்டு அந்தத் தூளியைப் பார்த்து, "எங்கள் வீட்டில் அப்பத்தா புடவையில்தான் கட்டினோம்" என்றாள் ஒருத்தி. "எந்தப் புடவை?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "கண்டாங்கி. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிவிட்டது." அப்புறம் யார் வீட்டில் உத்தரத்தில் கட்டினார்கள், யார் வீட்டில் காங்கிரீட் கூரையில் கொக்கி இல்லாமல் ஸ்டாண்டு வாங்கினார்கள் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. என் கேள்வியை யாரும் தொடவில்லை.

அங்கிருந்து ஒரு விதி கிடைத்தது. கேள்விக்குப் பதில் ஓர் ஆளாகவோ, ஒரு பொருளாகவோ, ஒரு நேரமாகவோ இருக்க வேண்டும். மனநிலையைக் கேட்கக் கூடாது. மனநிலை தானாக வரும், கேட்டால் ஒளிந்துகொள்ளும். இந்த விதியை வைத்துக்கொண்டு பழைய கேள்விகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, நோட்டில் பென்சிலால் பொருள்களை வரைய ஆரம்பித்தேன். பாலூட்டும் சங்கு. அரைஞாண் கயிறு. கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டும் பலகை. ஆறிப்போன காபி டம்ளர். 2 மணி காட்டும் கடிகாரம். உள்ளே தாழிட்ட குளியலறைக் கதவு. அங்கன்வாடித் தட்டு. காணொலி அழைப்பில் இருக்கும் செல்பேசி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே ஒரு வரி.

தூளிக்கு: "இது யாருடைய புடவை?" கடிகாரத்துக்கு: "இந்த நேரத்தில் உங்களோடு யார் விழித்திருந்தார்கள்?" காபிக்கு: "கடைசியாகச் சூடாகக் குடித்தது எப்போது?" செல்பேசிக்கு: "அந்தப் பக்கம் இப்போது மணி என்ன?" இந்தக் கடைசி வரி இந்த ஊருக்கென்றே வந்தது. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே வேலை முடித்து இரவு 9 மணிக்கு அப்பா அழைத்தால், இங்கே மாலை 6.30, விளக்கு வைத்துக் குழந்தைக்குத் துணி மாற்றும் நேரம். வெளிநாட்டில் கணவர் இருக்கும் இரண்டு பெண்கள் திண்ணையில் இருந்தால் இந்த ஓர் அட்டை போதும்.

பத்தியச் சாப்பாட்டு அட்டையும் அப்படித்தான். ஒரு மூடிய சட்டி மட்டும் வரைந்து, "சாப்பிடக் கூடாது என்று எதைத் தடுத்தார்கள்?" என்று எழுதினேன். சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வரையவில்லை. ஒருத்தி வீட்டில் தடுத்ததை இன்னொருத்தி வீட்டில் கட்டாயம் தின்னச் சொல்லியிருக்கிறார்கள். சட்டியைத் திறந்து காட்டியிருந்தால் அந்தப் பட்டியல் வந்திருக்காது.

படங்களை மைக்கோடாக வரைந்து, ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தடம் எடுத்தேன். கோட்டின் தடிமன் எல்லா அட்டையிலும் 3 புள்ளி (பாயிண்ட்). 2 புள்ளியில் வைத்துப் பார்த்தபோது கை நீட்டிய தூரத்தில் படம் மங்கியது. தாய்மார் அட்டையை முகத்துக்கு அருகே கொண்டுவருவதில்லை. ஒரு கையில் குழந்தை, மறுகையில் அட்டை, அதையும் குழந்தை பிடுங்காமல் தள்ளிப் பிடித்திருப்பார்கள். இந்த 'ஒரு கை' என்பதை ஆரம்பத்திலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். பின்னால் எடுத்த முடிவுகள் பாதி அதிலிருந்து வந்தவை.

இனி அட்டையின் பின்பக்கம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

முன்பக்கத்துப் படம் பேச்சைத் தொடங்கிவைக்கும். ஆனால் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருப்பவர்களை முதலில் பக்கத்தில் வரவழைக்க வேண்டும். செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதற்கு வழி தேட வெளியே போக வேண்டியதில்லை. காலுக்குக் கீழேயே இருக்கிறது. ஆத்தங்குடியில் கையால் வார்க்கும் தரைக்கல் ஒன்றைத் தனியாகப் பார்த்தால் மூலையில் கால் வட்டமும் இரண்டு இதழும்தான் இருக்கும். நான்கை ஒட்டிவைத்தால் பூ முழுமையாகும். அட்டையின் பின்புறம் கால் பூ இருந்தால், முழுப் பூவுக்கு இன்னும் மூவரின் அட்டை வேண்டும்.

ஆத்தங்குடிக்குப் போய்க் கல் வார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சதுரக் கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் உலோகத் தகட்டால் செய்த அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் சிமென்ட்டோடு கலந்த நிறக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மேலே தூக்கிவிட்டு, உலர்ந்த மணல் சிமென்ட் கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பி அழுத்துகிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்தால் கண்ணாடி தானாகக் கழன்றுவிடுகிறது. அந்தப் பளபளப்பு கண்ணாடியின் முகத்திலிருந்து வருவது, மெருகு போட்டதல்ல. நான் வரைந்து கொண்டுபோன வடிவத்தை அங்கிருந்த பெரியவர் பார்த்தார். "கோடு இவ்வளவு மெலிதாக இருந்தால் பக்கத்துக் கல்லோடு சேராது தாயி" என்றார். கல்லுக்குச் சொன்னது அட்டைக்கும் பொருந்தும் என்று அப்போது எனக்கு முழுதாகப் புரியவில்லை. கட்டிங் மேசையில் புரிந்தது.

பின்பக்கத்தின் முதல் வடிவத்தில் 12 பூக்கள், ஒவ்வொன்றும் நான்கு அட்டையாகப் பிரியும், மொத்தம் 48. ஒரு பூவின் துண்டு அதே பூவின் துண்டோடுதான் பொருந்தும். இது வேலை செய்தது, ஆனால் தவறான வேலையைச் செய்தது. ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்ததும் எல்லோரும் மும்முரமாகத் தேடினார்கள். சீக்கிரம் பொருத்தியவர்கள் ஜெயித்தார்கள், துண்டு கிடைக்காதவர்கள் ஒதுங்கினார்கள். புதிர் முடிந்ததும் அட்டைகளை அடுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். படம் இருந்த பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. குழந்தை அழுததால் பாதியில் எழுந்து போன பெண்ணுக்காக மற்ற மூவரும் காத்திருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் திரும்பி வந்து, தன்னால்தான் தாமதம் என்று வருத்தப்பட்டாள். ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் வருத்தம் தெரிவித்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கு நான் இன்னொரு காரணத்தைச் செய்து கொடுத்திருந்தேன்.

அதனால் எந்த அட்டையும் எந்த அட்டையோடும் சேரும்படி மாற்றினேன். செய்துபார்க்க விரும்புகிறவர்களுக்குக் கணக்கு இதோ. அட்டை 90 மில்லிமீட்டர் சதுரம். ஒரு மூலையை மையமாக வைத்து 30 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு வில், 60 மில்லிமீட்டர் ஆரத்தில் இன்னொரு வில். எதிர் மூலையிலிருந்தும் அதே இரண்டு. இப்படிப் போட்டால் நான்கு பக்கங்களிலும் கோடுகள் சரியாக 30, 60 என்ற இடங்களில் விளிம்பைத் தொடும். எப்படித் திருப்பி வைத்தாலும், எந்த அட்டையின் பக்கத்தில் வைத்தாலும் கோடு தொடரும். எதிரெதிர் மூலைகளின் தூரம் 127 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டு பெரிய வில்களும் சேர்ந்து 120. ஆகவே அவை நடுவில் முட்டிக்கொள்ளாது. கோட்டின் தடிமன் 5 மில்லிமீட்டர் வைத்தாலும் இடையில் 2 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி மிஞ்சுகிறது. ஓர் அட்டை வைத்தால் அலை, இரண்டு வைத்தால் வளைவு, நான்கு வைத்தால் பூ, அதற்கு மேல் வைக்க வைக்கத் தரை விரிகிறது. யாராவது எழுந்து போனாலும் அது நிற்காது. திரும்பி வந்ததும் எந்த ஓரத்தில் வேண்டுமானாலும் தன் அட்டையைச் சேர்க்கலாம்.

வில்கள் விளிம்பைச் செங்குத்தாகத் தொடுவதுதான் இதன் பலம். வெட்டும்போது அட்டை 1 மில்லிமீட்டர் விலகினாலும் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கோட்டில் அது கண்ணுக்குப் படுவதில்லை. மெல்லிய கோடு போட்ட முதல் மாதிரி அச்சில் ஒவ்வொரு சேர்க்கையும் முறிந்து தெரிந்தது. பெரியவர் சொன்னது அப்போதுதான் முழுதாக விளங்கியது. அதேபோல் அட்டையைச் சுற்றி வெள்ளை ஓரம் விடக்கூடாது. ஒரு பக்கம் குறைந்து ஒரு பக்கம் கூடி உடனே காட்டிக்கொடுக்கும்.

90 மில்லிமீட்டர் என்ற அளவு தாளிலிருந்து வந்தது. எனக்கு 100 ஆசை. டிஜிட்டல் அச்சுக்குக் கிடைப்பது 12க்கு 18 அங்குலத் தாள், அதாவது 305க்கு 457 மில்லிமீட்டர். வெட்டுக்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதல் விட்டால், 100 அட்டைக்கு 106 வேண்டும். குறுக்கே இரண்டுதான் உட்காரும், ஒரு தாளில் 8 அட்டை, 48-க்கு 6 தாள். 90 என்றால் 96. குறுக்கே மூன்று, நீளத்தில் நான்கு, ஒரு தாளில் 12, மொத்தம் 4 தாள். பத்து மில்லிமீட்டரை விட்டுக்கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு செலவு குறைகிறது. பெண்களின் உள்ளங்கைக்கும் அந்த அளவுதான் அடங்கியது.

நிறங்களும் ஆத்தங்குடியிலிருந்துதான்: செங்கல் சிவப்பு, மஞ்சள், கரும்பச்சை, கருப்பு. திரையில் பார்த்த பச்சை தாளில் பாசி பிடித்ததுபோல் வந்தது. ஒரு நிறத்தின் பல சாயல்களைக் கட்டங்களாகப் போட்டு ஒரே தாளில் அச்சடித்து, வெயிலில் வைத்துத் தேர்ந்தெடுத்தேன். கடைசியில் சிவப்புக்கு நின்ற மை சதவீதங்கள்: சியான் 15, மெஜந்தா 85, மஞ்சள் 75, கருப்பு 10. இங்க்ஸ்கேப்பில் வரைந்ததை ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஏற்றி, நிறங்களை அச்சு நிறங்களாக அங்கே மாற்றிக்கொண்டேன். இரண்டு மென்பொருளும் இலவசம்.

எழுத்துக்கு முக்தா மலர் என்ற எழுத்துரு. இதுவும் இலவசம்தான். அளவு 16 புள்ளி. தமிழில் மேலே சுழியும் கீழே வாலும் இருப்பதால், இரண்டு வரியானால் வரி இடைவெளி ஒன்றரை மடங்காவது வேண்டும். ஆங்கில அட்டைகளின் மாதிரியைப் பார்த்து இடைவெளி வைத்தால் மேல் வரியின் 'கு' கீழ் வரியின் 'கி'யில் போய் இடிக்கும். அச்சகத்துக்குக் கோப்பைக் கொடுத்தபோது அங்கிருந்த அண்ணன், "எழுத்தை கர்வ் செய்து கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறிவிடும்" என்று முன்கூட்டியே சொன்னார். பல அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருக்களுக்குப் பழகிய கணினிகள்தான் இருக்கின்றன. யுனிகோட் எழுத்தை அப்படியே கொடுத்தால் 'கொ' உடைந்துபோகும். எழுத்து முழுவதையும் வடிவமாக மாற்றிவிட்டால் அந்தக் கவலை இல்லை. மாற்றுவதற்கு முன் ஒரு பிரதியைத் தனியே சேமித்து வையுங்கள், பிறகு ஒரு பிழை திருத்தக்கூட முடியாது.

தாள் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு. லேமினேஷன் இல்லாமல் அடித்த பிரதி ஒரே வாரத்தில் மஞ்சளும் எண்ணெயும் ஏறி மங்கிவிட்டது. பளபளக்கும் லேமினேஷனில் திண்ணை வெளிச்சம் எதிரொளித்துப் படம் தெரியவில்லை. மேட் லேமினேஷன்தான் சரி. குழந்தை வாயில் வைத்தாலும் ஈரத்துணியால் துடைக்கலாம். மூலைகளை 4 மில்லிமீட்டர் வட்டமாக வெட்டச் சொன்னேன். கூர்மூலையில் பிலிம் முதலில் பிரியும், குழந்தையின் கன்னத்திலும் குத்தும். வட்ட மூலைகள் நான்கு சேரும் இடத்தில் சிறு வெள்ளை இடைவெளி தெரிகிறது. கற்களுக்கு நடுவே இருக்கும் இணைப்புபோல் அது பொருந்தியே போனது.

ஒரு தொகுதிக்கு ஆன செலவு: இருபக்க அச்சு 4 தாளுக்கு 240 ரூபாய், லேமினேஷன் 80, வெட்டும் கூலியும் மூலையும் 70, கொட்டான் 180. ஆக 570 ரூபாய்.

கொட்டானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அட்டைகளை வைக்கப் பிளாஸ்டிக் டப்பா வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். சீருக்கும் பலகாரத்துக்கும் பனையோலைக் கொட்டான் முடையும் ஊரில், பெண்களுக்கான ஒரு பொருள் பெண்கள் முடைந்ததில்தான் இருக்க வேண்டும். முதலில் மூடியுள்ள சதுரக் கொட்டான் வாங்கினேன். பார்க்க அத்தனை அழகு. மூடி இறுக்கமாக உட்காரும், திறக்க இரண்டு கை வேண்டும். குழந்தையை மடியில் வைத்திருக்கும் யாரும் அதைத் திறக்கவில்லை. நான் திறந்து கொடுக்கும்வரை காத்திருந்தார்கள். அது என் நிகழ்ச்சியாகிவிட்டது. மூடியில்லாத, வாய் அகன்ற கொட்டானுக்கு மாறியதும் கை தானாக உள்ளே போனது. முடையும் அக்காவிடம் உள்ளளவு 100 மில்லிமீட்டர் சதுரம், உயரம் 60 என்று கேட்டேன். அட்டைகள் இரண்டு விரல் நுழையும் தளர்வோடு நிற்கின்றன.

எல்லாம் தயாராகித் திண்ணையில் பரப்பியபோது நான் நினைத்தே பார்க்காத ஒன்று நடந்தது. அட்டைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. திண்ணைத் தரையே ஆத்தங்குடிக் கல். அதே சிவப்பு, அதே பச்சை, அதே வளைவு. அட்டை அதில் கரைந்துபோனது. ஆச்சி உள்ளே போய்த் துவைத்து மடித்த 4 முழ வெள்ளை வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். வெள்ளையில் பூக்கள் எழுந்து நின்றன. அந்த வேட்டிக்கு வேறொரு பயனும் இருந்தது. விரிப்பு ஒன்று நடுவில் இருந்தால் அதைச் சுற்றி உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தவர்கள் வட்டமானார்கள். இப்போது வேட்டியும் கொட்டானோடு சேர்த்தே வருகிறது.

அட்டையை வைப்பதற்கு முன் முன்பக்கத்து வரியைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும் என்று விதி எதுவும் வைக்கவில்லை. எடுத்தவர் பார்ப்பார், சிலர் சத்தமாகப் படிப்பார்கள், சிலர் பேசாமல் திருப்பி வைத்துப் பூவை மட்டும் சேர்ப்பார்கள். அதுவும் பங்கெடுப்பதுதான். பேசாத பெண்ணின் அட்டையும் பூவில் இருக்கும்.

சங்கு அட்டையைப் பற்றி எனக்குத் தயக்கம் இருந்தது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பது மருத்துவ அறிவுரை. சங்கில் உரைமருந்தும் சர்க்கரைத் தண்ணீரும் புகட்டுவது இங்கே பல வீடுகளில் வழக்கம். அதைப் படமாக வைத்தால் ஆதரிப்பதுபோல் ஆகுமோ என்று நினைத்தேன். செவிலியரிடம் கேட்டேன். "வையுங்கள். புகட்டுகிறவர்கள் என்னிடம் சொல்வதில்லை. இங்கே சொல்வார்கள்" என்றார். அப்படியே நடந்தது. ஒரு பாட்டி தன் கைப்பக்குவத்தைப் பெருமையாக விவரித்தார், செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டுவிட்டு, ஏன் 6 மாதம் பொறுக்கச் சொல்கிறோம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். பாட்டி ஒப்புக்கொண்டாரா என்று தெரியாது. ஆனால் மருமகள் இருவர் பேச்சையும் ஒரே இடத்தில் கேட்டாள். அட்டையில் தீர்ப்பு எழுதாமல் விட்டது சரி என்றே நினைக்கிறேன்.

கடிகார அட்டைதான் எதிர்பாராத இடத்துக்குப் போனது. இரவு 2 மணிக்கு யார் விழித்திருந்தார்கள் என்ற வரிக்கு, இருபது வயதைச் சற்றுத் தாண்டிய ஒரு பெண், "யாரும் இல்லை. எனக்கு அந்த நேரம் பிடிக்கும். அப்போது மட்டும்தான் யாரும் எனக்கு எதையும் சொல்லித்தருவதில்லை" என்றாள். மூத்த பெண்கள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். பிறகு இன்னொருத்தி, தனக்கு அந்த நேரத்தில் காரணமில்லாமல் அழுகை வருகிறது, நிற்கவில்லை என்றாள். சிரிப்பு அடங்கியது. பக்கத்தில் இருந்தவள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். செவிலியர் அவளைத் தனியே அழைத்துப்போய்ப் பேசினார். பிரசவத்துக்குப் பின் முதல் சில நாள் மனம் கலங்குவது பலருக்கும் நேர்வது. இரண்டு வாரத்தைத் தாண்டியும் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அன்றிரவே ஓர் அட்டையை மாற்றினேன். கதவு படம் இருந்த அட்டையின் கீழே, மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104 இரண்டையும் சேர்த்தேன். மற்ற அட்டைகளில் உள்ள வரியின் அளவிலேயே, அதே நிறத்தில். எச்சரிக்கைபோல் சிவப்பில் போட்டால் அந்த அட்டையை எடுப்பவள்மேல் எல்லோர் கண்ணும் விழும்.

அடுத்த அச்சில் மாற்றப்போவது சில. அங்கன்வாடித் தட்டு, டிபன் டப்பா போன்ற அட்டைகள் கைக்குழந்தைக்காரர்களுக்கு இன்னும் எட்டாதவை. அவற்றை எடுத்துத் தனித் தொகுதியாக்கி அங்கன்வாடி வாசலுக்குக் கொடுக்க வேண்டும். 14-ஆம் வாரம் வருகிறவர்கள் 6-ஆம் வாரத்தில் பார்த்த அட்டைகளையே பார்க்கிறார்கள். பொருள்களை மூன்று அடுக்காகப் பிரித்து, பின்பக்கக் கோட்டின் நிறத்தால் அடையாளம் வைக்கலாம் என்று பார்க்கிறேன். வில்களின் அளவு மாறாததால் மூன்றும் ஒன்றோடொன்று சேரும்.

படம் இல்லாத வெற்று அட்டைகள் நான்கு வைக்க வேண்டும் என்று தாய்மாரே கேட்டிருக்கிறார்கள். "நீங்கள் வரையாதது நிறைய இருக்கிறது அக்கா" என்றாள் தூளிப் புடவையைப் பற்றி முதலில் பேசியவள். மேட் லேமினேஷன்மேல் பால்பாயின்ட் பேனா எழுதாது, வழுக்கும். அந்த நான்குக்கு மட்டும் முன்பக்கம் பிலிம் போடாமல், பின்பக்கம் மட்டும் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் பிலிம் ஒட்டினால் அட்டை வளையும் என்று அச்சக அண்ணன் சொல்கிறார். 350 ஜிஎஸ்எம் தாளில் முயன்று பார்ப்போம் என்று பேசிவைத்திருக்கிறோம். மாதிரிக்கு ஒரு தாள், 75 ரூபாய். பென்சில் நான் கொண்டுபோவேன்.